"என்னிடம் பதில் இல்லை" என்று சொன்ன அரசு வழக்கறிஞர்: ஆப்ரெகோ கார்சியா வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்கக் குடிவரவு வழக்குகளில் அரசுக்காக வாதாடுபவர்கள் இரண்டு வகை. எல் சால்வடோருக்கு அனுப்பக் கூடாது என்ற தீர்ப்பு இருந்தும் 2025-ல் அங்கே அனுப்பப்பட்ட ஆப்ரெகோ கார்சியா என்பவரின் வழக்கு, இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் புரியாது.

முதல் வகையினர் குடிவரவு நீதிமன்றத்தில் நிற்பவர்கள். பெயரில் நீதிமன்றம் என்று இருந்தாலும் அது சுதந்திரமான நீதிமன்றம் அல்ல. நீதி அமைச்சகத்தின் ஓர் அங்கம். அங்கே உட்காரும் நீதிபதி அந்த அமைச்சகத்தின் ஊழியர். ஒருவரை நாடு கடத்தலாமா, புகலிடம் தரலாமா என்று முடிவு செய்வது அங்கேதான். அரசுத் தரப்பில் வருபவர் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் வழக்கறிஞர்.

இரண்டாம் வகையினர் கூட்டாட்சி நீதிமன்றங்களில் அரசைக் காப்பவர்கள். தடுப்புக் காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனு வந்தாலும், விசா தாமதத்துக்கு வழக்கு வந்தாலும், ஜனாதிபதியின் உத்தரவுக்கே தடை கேட்டு ஒரு மாநிலம் வந்தாலும், எழுந்து பதில் சொல்ல வேண்டியவர் நீதி அமைச்சகத்தின் வழக்கறிஞர். அவர்களில் முக்கியமானவர்கள் அதன் குடிவரவு வழக்குப் பிரிவைச் சேர்ந்தவர்கள். 1983-ல் தொடங்கப்பட்ட பிரிவு அது. இந்த ஆய்வு அந்த இரண்டாம் வகை வழக்கறிஞரைப் பற்றியது. குறிப்பாக, ஏரெஸ் ரூவேனி என்பவர் 2025 ஏப்ரல் 4 அன்று மேரிலாந்து மாநிலத்தின் கிரீன்பெல்ட் நகர நீதிமன்றத்தில் சொன்ன சில வாக்கியங்களைப் பற்றியும், அதற்கு அவர் கொடுத்த விலையைப் பற்றியும்.

இந்த வேலையில் இருப்பவருக்கு நடந்தது என்ன என்று நேரடியாகத் தெரியாது. அவருடைய கட்சிக்காரர் ஒரு துறை. யாரை எந்தத் தேதியில் பிடித்தார்கள், எந்த விமானத்தில் ஏற்றினார்கள், எந்தக் கோப்பைப் பார்த்தார்கள் என்பதெல்லாம் குடிவரவு அமலாக்கத் துறையான ஐசிஇ அதிகாரிகளிடம் இருக்கும். வழக்கறிஞர் கேட்க வேண்டும். அவர்கள் சொல்ல வேண்டும். சொன்னதை ஓர் அதிகாரி உறுதிமொழிப் பத்திரமாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை நம்பி வழக்கறிஞர் வாதாட வேண்டும். நம்மூர் நீதிமன்றங்களில் அரசு வழக்கறிஞர் "இன்ஸ்ட்ரக்ஷன் வாங்கிச் சொல்கிறேன்" என்று வாய்தா கேட்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இடைக்காலத் தடை கேட்டு வரும் குடிவரவு வழக்கில் வாய்தாவுக்கு இடமிருக்காது. ஆளை ஏற்றிய விமானம் காத்திருக்கும், அல்லது ஏற்கெனவே பறந்திருக்கும்.

ஆக, கடன் வாங்கிய தகவலை வைத்துத்தான் அவர் தொழில் செய்கிறார். அவருக்கென்று சொந்தமாக இருப்பது ஒன்றே ஒன்று: நீதிபதி அவர் சொல்லை நம்புவது. அரசு அதிகாரிகள் முறைப்படி நடந்திருப்பார்கள் என்று தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்க நீதிமன்றங்களில் உண்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கிடைக்காத சலுகை அது. பல பத்தாண்டுகளாக அந்தப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் சேர்த்து வைத்த நம்பிக்கை அந்தச் சலுகைக்குள் இருக்கிறது. ரூவேனி அன்று செய்தது அந்தச் சேமிப்பைக் காப்பாற்றியது என்பதே என் முடிவு. அரசு அதைத் துரோகமாகப் பார்த்தது. அது ஏன் தவறு என்பதைத்தான் கீழே விளக்குகிறேன்.

வழக்கின் கதை

ஆப்ரெகோ கார்சியா எல் சால்வடோர் நாட்டுக்காரர். அங்கே அவருடைய தாய் வீட்டிலேயே புபுசா என்ற அடைத்த ரொட்டியைச் சுட்டு விற்றார். பாரியோ 18 என்ற கும்பல் அந்தக் குடும்பத்திடம் மாமூல் கேட்டு மிரட்டியது. மகனைத் தங்களிடம் சேர்க்கச் சொன்னது. பதின்வயதிலேயே அவர் அமெரிக்காவுக்கு ஓடிவந்தார், அனுமதி இல்லாமல். மேரிலாந்தில் வேலை செய்து குடும்பமும் ஆனது.

2019 மார்ச்சில், ஹோம் டிப்போ கடையின் வாகன நிறுத்தத்தில் வேலைக்காகக் காத்து நின்றபோது பிடிபட்டார். எம்எஸ்-13 கும்பலைச் சேர்ந்தவர் என்று ஒரு ரகசியத் தகவலாளி சொன்னதாகப் போலீஸ் தரப்பு கூறியது. அவர் மறுத்தார். பிணை விசாரணையில் அந்தத் தகவலைக் குடிவரவு நீதிபதி ஏற்று, பிணை மறுத்தார். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், முழு விசாரணைக்குப் பிறகு, வேறொரு குடிவரவு நீதிபதி அவரை எல் சால்வடோருக்கு அனுப்பக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அங்கே போனால் பாரியோ 18 கும்பலால் ஆபத்து இருப்பதை நீதிபதி ஏற்றார்.

இந்தத் தீர்ப்பின் தன்மையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இது புகலிடம் அல்ல. புகலிடத்துக்கு நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவர் அந்தக் கெடுவைத் தாண்டியிருந்தார். கிடைத்தது 'நாடு கடத்தலை நிறுத்திவைத்தல்' என்ற பாதுகாப்பு. நாடு கடத்தும் உத்தரவு அப்படியே இருக்கும். ஒரு குறிப்பிட்ட நாட்டுக்கு மட்டும் அனுப்ப முடியாது. வேறொரு நாடு ஏற்றால் சட்டப்படி அங்கே அனுப்பலாம். அல்லது நிலைமை மாறிவிட்டது என்று காட்டி, வழக்கை மறுபடி திறந்து, பாதுகாப்பை நீக்கக் கேட்கலாம். புகலிடத்தைவிட இது எவ்வளவோ பலவீனமான பாதுகாப்பு. இருந்தாலும் அந்த ஒரு நாட்டைப் பொறுத்தவரை விதி கறாரானது. 2019 தீர்ப்பை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யவில்லை.

2025 மார்ச் 12. மாற்றுத்திறனாளியான ஐந்து வயது மகனை காரில் வைத்து ஓட்டிக்கொண்டு போனபோது ஐசிஇ நிறுத்தியது. மனைவியைக் கூப்பிட்டு, வந்து குழந்தையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். மூன்று நாள் கழித்து, மார்ச் 15 அன்று, டெக்சஸிலிருந்து புறப்பட்ட மூன்று விமானங்களில் ஒன்றில் அவர் இருந்தார். போய்ச் சேர்ந்த இடம் எல் சால்வடோரின் செகோட் பெருஞ்சிறை. சிறையில் மொட்டையடித்துக் குனியவைக்கப்பட்ட ஆட்களின் செய்திப் படத்தைப் பார்த்து, பச்சை குத்தலையும் தலையில் இருந்த தழும்பையும் வைத்து மனைவி அடையாளம் கண்டார். மார்ச் 24 அன்று வழக்கு தாக்கலானது.

இனி அரசுத் தரப்பின் அந்தப் பத்திரத்துக்கு வருவோம். மார்ச் 31 அன்று ஐசிஇ அதிகாரி ஒருவரின் உறுதிமொழிப் பத்திரத்தை அரசு தாக்கல் செய்தது. அதில் இருந்த விவரம் இது. அந்த விமானத்துக்கான முதல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மாற்று ஆளாகத்தான் இருந்தார். பட்டியலில் இருந்த மற்றவர்கள் வெவ்வேறு காரணங்களால் நீக்கப்பட, இவர் பெயர் மேலே வந்தது. அந்தப் பட்டியலில் இவரை அனுப்பக் கூடாது என்ற குறிப்பு இல்லை. 2019 பாதுகாப்பு ஐசிஇக்குத் தெரிந்தே இருந்தது என்றும், அனுப்பியது ஒரு நிர்வாகப் பிழை என்றும் பத்திரம் ஒப்புக்கொண்டது.

அரசு வழக்கறிஞராக அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். உங்கள் கட்சிக்காரரே சத்தியம் செய்து 'தவறு எங்களுடையது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வாதாட மிச்சம் இருப்பது என்ன? அதிகார வரம்பு ஒன்றுதான். ஆள் இப்போது வேறொரு நாட்டின் காவலில் இருக்கிறார், எனவே இந்த நீதிமன்றம் ஒன்றும் செய்ய முடியாது என்று வாதிடலாம். அது சட்டத்துக்கு உட்பட்ட வாதம். ரூவேனி அதைத்தான் வாதிட்டார். இந்த இடத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள். அவர் எதிர்த்தரப்புக்குச் சாய்ந்துவிடவில்லை. மனுவை நிராகரிக்கத்தான் கேட்டார்.

ஏப்ரல் 4

நீதிபதி போலா சினிஸ் சட்டக் கேள்விகளோடு நிற்கவில்லை. எந்தச் சட்ட அதிகாரத்தின் கீழ் அவரைப் பிடித்தீர்கள்? பிழை என்று நீங்களே சொல்கிறீர்கள், ஏன் திரும்பக் கொண்டுவர முடியாது?

முதல் கேள்விக்கு ரூவேனியின் பதில்: தெரியாது, அந்தத் தகவல் எனக்குத் தரப்படவில்லை. இரண்டாவது கேள்விக்கு: இந்த வழக்கு என் மேஜைக்கு வந்தவுடன் என் கட்சிக்காரர்களிடம் நானும் அதையேதான் கேட்டேன், திருப்தியான பதில் இன்றுவரை வரவில்லை. உங்களுடைய பல கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லாதது எனக்கும் வருத்தமாக இருக்கிறது என்றார். அவரை அங்கே அனுப்பியிருக்கக் கூடாது என்பதை உண்மை விவரமாகவே ஒப்புக்கொண்டார். கட்சிக்காரர்களைப் பேசி இணங்க வைக்க 24 மணி நேரம் கேட்டார்.

நீதிபதி அன்றே உத்தரவு போட்டார். ஏப்ரல் 7 இரவு 11.59 மணிக்குள் அவரைத் திரும்பக் கொண்டுவர அரசு வழிசெய்ய வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை. ரூவேனியும் அவருடைய மேலதிகாரி ஆகஸ்ட் ஃப்ளென்ட்ஜேயும் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். அமைச்சகத்தின் ஒவ்வொரு வழக்கறிஞரும் அமெரிக்காவுக்காக முழு முனைப்போடு வாதாட வேண்டும், தவறினால் விளைவைச் சந்திக்க நேரும் என்று அப்போது அமைச்சகத்தின் தலைவராக, அதாவது அட்டர்னி ஜெனரலாக, இருந்த பாம் போண்டி பகிரங்கமாகச் சொன்னார். ஏப்ரல் 11 அன்று ரூவேனி பணிநீக்கம் செய்யப்பட்டார். 2010-லிருந்து அந்த அமைச்சகத்தில் இருந்தவர். டிரம்பின் முதல் ஆட்சிக்காலத்தில் பயணத் தடை உள்பட கடுமையான குடிவரவுக் கொள்கைகளை நீதிமன்றங்களில் தாங்கிப் பிடித்தவர். மார்ச் 21 அன்றுதான் பாராட்டோடு பிரிவின் பொறுப்புத் துணை இயக்குநராக உயர்த்தப்பட்டிருந்தார்.

எதற்குக் கையெழுத்துப் போட மறுத்தார்

ஏப்ரல் 4 நீதிமன்ற அறைக்குள் நடந்தது எல்லோரும் பார்த்தது. அன்று இரவு நடந்தது பற்றி நமக்குத் தெரிவது ரூவேனி ஜூன் 24 அன்று வெளியான தன் முறையீட்டில் சொன்னதுதான். அரசு முறைகேடுகளை அம்பலப்படுத்துவோருக்கான சட்டப் பாதுகாப்பின் கீழ் நாடாளுமன்றத்துக்கும் உள்விசாரணை அதிகாரிகளுக்கும் அவர் தரப்பு அனுப்பியது அது.

அதன்படி, விசாரணை முடிந்ததும் மேலிருந்து அழைப்பு வந்தது: அந்த ஆள் பயங்கரவாதக் கும்பலைச் சேர்ந்தவர் என்று ஏன் வாதிடவில்லை? கோப்பில் அதற்கு ஆதாரம் இல்லை, சட்டப்படியும் அது இந்தத் தவறைச் சரிசெய்யாது என்று இவர் பதில் சொன்னார். இரவில் மேல்முறையீட்டு மனு தயாரானது. எம்எஸ்-13 உறுப்பினர் என்பதால் 2019 பாதுகாப்பே செல்லாது என்ற வாதம் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

இந்த மறுப்பைத்தான் இந்த வழக்கின் மையமாக நான் பார்க்கிறேன், நீதிமன்றத்தில் சொன்ன 'பதில் இல்லை'யைவிடவும். ஏனென்றால் அந்த வாதம் பொய்யா மெய்யா என்பதற்கு முன்பே, அதைச் சொல்ல உரிய இடம் வேறு. பாதுகாப்பை நீக்க வேண்டுமானால் அரசு குடிவரவு நீதிபதியிடம் போய், வழக்கைத் திறந்து, சான்று காட்டி, உத்தரவு வாங்க வேண்டும். அந்த வழி திறந்தே இருந்தது. விமானம் ஏறுவதற்கு முன்பு யாரும் அந்த வழியில் போகவில்லை. போகாமல் செய்த தவறை, போயிருந்தால் இப்படிச் சொல்லியிருப்போம் என்று மேல்முறையீட்டில் நியாயப்படுத்துவது, விசாரணை நடக்காத ஒரு விஷயத்தை நடந்ததுபோல் நீதிமன்றத்தின் முன் வைப்பதாகும். கையெழுத்து என்பது 'நான் விசாரித்தேன், இதற்குச் சட்டத்திலும் உண்மையிலும் ஆதாரம் இருக்கிறது' என்று வழக்கறிஞர் தரும் உத்தரவாதம். அதைத் துறை தர முடியாது. மேலதிகாரியும் அவருக்காகத் தர முடியாது. 1998-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, அரசு வழக்கறிஞர்களும் அந்தந்த மாநில வழக்கறிஞர் நெறிமுறைக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று தெளிவாகவே சொல்கிறது. அட்டர்னி ஜெனரலின் கட்டளை அந்த நெறிமுறைக்கு மேலே போக முடியாது.

அதே முறையீட்டில் இன்னொரு கடுமையான குற்றச்சாட்டும் உண்டு. மார்ச் 14 கூட்டத்தில், நீதிமன்றங்கள் விமானங்களைத் தடுத்தால் அவற்றை மதிக்காமல் போக நேரலாம் என்று அமைச்சகத்தின் உயரதிகாரி எமில் போவ் ஆபாசச் சொல்லோடு பேசினார் என்பது. போவ் அதை மறுத்தார். ஜூலை 29 அன்று செனட் 50-49 என்ற கணக்கில் அவரை மேல்முறையீட்டு நீதிபதியாக உறுதி செய்தது.

பழைய இரண்டு கடிதங்கள்

ரூவேனியை ஒரு தனிமனித வீரக் கதையாக மட்டும் சொன்னால் விஷயம் பாதிதான் தெரியும். குடிவரவு வழக்குகளில் அரசுத் தரப்பு சொன்ன தவறான தகவல், பல்லாயிரம் பேரின் வாழ்வைத் தீர்மானித்த வரலாறு ஏற்கெனவே இருக்கிறது.

2003-ல் டிமோர் எதிர் கிம் வழக்கு. நாடு கடத்தல் விசாரணை முடியும்வரை சிலரைப் பிணை இல்லாமல் அடைத்து வைக்கலாமா என்பது கேள்வி. காவல் குறுகியதுதான், மேல்முறையீடு செய்பவர்களுக்கே ஐந்து மாதம் போலத்தான் ஆகிறது என்ற கணக்கை நம்பி உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2016 ஆகஸ்டில் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம் அதே நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியது: கணக்கு தவறு; மேல்முறையீடு செய்தவர்களின் சராசரிக் காவல் 382 நாள். 13 ஆண்டுகள் அந்தத் தவறான எண்ணை மேற்கோள் காட்டி ஆட்கள் சிறையில் வைக்கப்பட்டார்கள். கடிதம் வந்ததால் தீர்ப்பு மாறவில்லை.

இரண்டாவது கடிதம் ஆப்ரெகோ கார்சியா வழக்கோடு நேரடியாக ஒட்டியது. 2009-ல் ந்கென் எதிர் ஹோல்டர் வழக்கில், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது ஒருவரை நாடு கடத்தினால் அது ஈடு செய்ய முடியாத இழப்பா என்ற கேள்வி எழுந்தது. அரசுத் தரப்பு சொன்னது: இல்லை, பிறகு வழக்கில் ஜெயித்தால் அவர்கள் திரும்பி வர நாங்கள் வசதி செய்து கொடுக்கிறோம், அதுவே எங்கள் கொள்கையும் நடைமுறையும். நீதிமன்றம் அதை நம்பி, தீர்ப்பிலும் எழுதிவிட்டது. அப்படி ஒரு நடைமுறை எங்கே இருக்கிறது என்று வழக்கறிஞர்களும் உரிமை அமைப்புகளும் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டார்கள். நியூயார்க் நீதிபதி ஜெட் ராக்காஃப், அரசு வழக்கறிஞர்களின் உள் மின்னஞ்சல்களை வெளியிடச் சொன்னார். விளைவாக 2012 ஏப்ரலில் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம் உச்ச நீதிமன்றத்துக்குத் திருத்தக் கடிதம் எழுத நேர்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான், திரும்பி வர வசதி செய்வது எப்படி என்ற எழுத்துபூர்வமான ஆணையை ஐசிஇ வெளியிட்டிருந்தது. அதாவது 2009-ல் இருப்பதாகச் சொன்ன ஏற்பாடு, சொன்ன பிறகுதான் ஒழுங்காக உருவானது.

2025-ல் என்ன நடந்தது? ஏப்ரல் 7 அன்று நான்காம் மேல்முறையீட்டு நீதிமன்றம் சினிஸின் உத்தரவை நிறுத்த மறுத்தது. குடியரசுக் கட்சி ஜனாதிபதி ரீகன் நியமித்த ஹார்வி வில்கின்சனும் அந்த பெஞ்சில் இருந்தார். ரூவேனியின் நேர்மைக்கும் ஆதரவாக அங்கே எழுதப்பட்டது: கட்சிக்காரருக்காக முனைந்து வாதாடும் கடமை, நீதிமன்றத்திடம் உண்மையாக இருக்கும் கடமைக்குள் அடங்கியது, அரசு வழக்கறிஞருக்கு இன்னும் கூடுதலாக. ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம், எந்த நீதிபதியும் மாற்றுக் கருத்துப் பதிவு செய்யாமல், எல் சால்வடோர் காவலிலிருந்து அவர் விடுபட அரசு வசதி செய்ய வேண்டும் என்ற பகுதியை உறுதி செய்தது. உடனே அரசுத் தரப்பு 2012 ஆணையை எடுத்து வைத்து, வசதி செய்வது என்றால் நம் பக்கத்துத் தடைகளை நீக்குவது மட்டுமே, அந்த நாட்டிடம் கேட்கும் கடமை இல்லை என்று வாதாடியது. நாடு கடத்தல் ஈடு செய்ய முடியாததல்ல என்று நீதிமன்றத்தை நம்ப வைக்க 2009-ல் கொடுத்த வாக்குறுதி, 2025-ல் வெறும் கதவைத் திறந்து வைப்பதாகச் சுருங்கிவிட்டது. எனக்கு இதில் கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை. ஒரே அரசு, ஆளை அனுப்ப அனுமதி வாங்கும்போது ஒரு பொருளும், ஆளைத் திருப்பித் தரச் சொல்லும்போது இன்னொரு பொருளும் சொல்லக் கூடாது.

நம்பிக்கை போன பிறகு

ஏப்ரல் 11 அன்று ரூவேனியின் இடத்தில் அமைச்சகத்தின் உயர் பொறுப்பில் இருந்த டிரூ என்சைன் நின்றார். நீதிபதி சினிஸ் மிக எளிய கேள்வி ஒன்று கேட்டார்: அவர் இப்போது எங்கே இருக்கிறார்? அதற்கும் நேரான பதில் கிடைக்கவில்லை. ரூவேனி 'தெரியாது, கேட்டேன், தரவில்லை' என்றார். அன்று வந்த பதிலில் அந்தத் தெளிவு இல்லை.

வழக்கின் போக்கு அந்த நாளோடு மாறியதை நீதிமன்ற உத்தரவுகளிலேயே பார்க்கலாம். முதலில், தினமும் அறிக்கை தாக்கல் செய்யுங்கள் என்றார் சினிஸ். வந்த அறிக்கைகளில் சரக்கு இல்லை. ஏப்ரல் 15 அன்று, எதிர்த்தரப்பு எழுத்துக் கேள்விகள் அனுப்பலாம், ஆவணங்கள் கேட்கலாம், அதிகாரிகளையே உட்கார வைத்துச் சத்தியத்தின் பேரில் விசாரிக்கலாம் என்று உத்தரவிட்டார். வழக்கறிஞரின் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு இத்தனை ஏற்பாடு. அரசாங்கத்துக்கும் இது கெடுதல்தான். வழக்கறிஞரின் சொல் போதுமானதாக இருந்தவரை, கொள்கை வகுக்கும் அதிகாரிகள் நீதிமன்றக் கேள்விகளிலிருந்து விலகி இருந்தார்கள். இனி ஒவ்வொரு குடிவரவு வழக்கிலும், அரசுத் தரப்பு எழுந்து 'அப்படி எதுவும் திட்டமில்லை, மாண்புமிகு நீதிபதி அவர்களே' என்று சொன்னால், 'யார் சொன்னது, அவரைக் கூப்பிடுங்கள்' என்ற கேள்வி வரும்.

ஜூன் 6 அன்று ஆப்ரெகோ கார்சியா அமெரிக்காவுக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டார். முடியாது என்று சொல்லப்பட்ட காரியம் நடந்தது. டென்னசி மாநிலத்தில், அனுமதியின்றிக் குடியேறியவர்களை வாகனத்தில் ஏற்றிச் சென்றார் என்ற குற்றச்சாட்டைச் சந்திக்க வைப்பதற்காக. அவர் குற்றத்தை மறுத்தார். ரூவேனி 24 மணி நேரம் கேட்ட நாளிலிருந்து 63 நாள் கழித்து நடந்தது இது. இடையில் மூன்று நிலை நீதிமன்றங்கள், ஒரு வழக்கறிஞரின் வேலை, எண்ணற்ற மனுக்கள்.

இந்தப் பிரிவில் இப்போது சேரும் இளம் வழக்கறிஞர் ஒருவர் இந்த வழக்கின் கட்டைப் படித்தால் அவருக்குப் பயன்படக்கூடியது ஏப்ரல் 4 விசாரணைப் பதிவுதான். அதில் ஒரே ஆள், ஒரே விசாரணையில், தன் தரப்புக்கு மிச்சமிருந்த ஒரே சட்ட வாதத்தை முழுதாக வைக்கிறார். தெரிந்ததைத் தெரியும் என்கிறார். தெரியாததற்குத் தான் யாரிடம் கேட்டார் என்பதையும் சொல்கிறார். கட்சிக்காரரைத் திருத்த அவகாசம் கேட்கிறார். அதற்கு மேல் ஓர் அரசு வழக்கறிஞர் தன் அரசுக்குச் செய்யக்கூடியது எதுவும் அன்று அந்த அறையில் இருக்கவில்லை.